பரணிலிருந்து இறங்கிய எக்ஸ்டியில் என்ன ஆடலாம்?

அப்பாவின் ஆடிட்டர் ஆபீஸில் ஓடிய, பிசி எக்ஸ்டி என்ற எண்பதுகளின் கணினி ஒன்றைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறீர்கள். ஐபிஎம் தயாரிப்பு இல்லை, அதைப் பார்த்துச் செய்த குளோன். 8088 சிப்பு, 4.77 மெகாஹெர்ட்ஸ், டர்போ பொத்தானை அழுத்தினால் 10. நினைவகம் 640 கேபி, திரையில் படம் காட்டும் சிஜிஏ கார்டு, கலர் மானிட்டர், 360 கேபி ஃபிளாப்பி டிரைவ் இரண்டு. ஹார்டுடிஸ்க் போய்விட்டது. இணையத்தில் கிடைத்த 'சிறந்த டாஸ் விளையாட்டுகள்' பட்டியலை வைத்துப் பத்துப் பன்னிரண்டு ஏற்றிப் பார்த்தீர்கள், பாதி ஓடவே இல்லை, ஓடிய மீதியைப் பார்க்கச் சகிக்கவில்லை. நீங்களும் ஒன்பது வயது மகளும் சேர்ந்து ரசிக்க இதில் ஏதாவது உண்டா, எப்படித் தேடுவது, எப்படி ஏற்றுவது என்று கேட்கிறீர்கள்.

நிறையவே உண்டு. தப்பு உங்கள் கணினியில் இல்லை, அந்தப் பட்டியலில்தான். 1981-லிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை வந்ததையெல்லாம், டாஸ் என்ற இயங்குதளத்தில் ஓடியது என்பதற்காக, டாஸ் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். பட்டியல் போடுகிறவர்களில் பெரும்பாலானோர் 8088-க்குப் பிந்தைய 386, 486 சிப்புகளின் காலத்தில் ஆடியவர்கள். அவர்கள் எடுத்த எடுப்பில் எழுதும் கமாண்டர் கீன் (1990) சிஜிஏ-வுக்குப் பின் வந்த ஈஜிஏ கார்டு இல்லாமல் தொடங்காது. வுல்ஃபென்ஸ்டைன் 3டி (1992) 286 சிப்பும் அதைவிடப் புதிய விஜிஏ கார்டும் கேட்கும். டூம் 386 கேட்கும். அதனால் முதல் வேலை, உங்கள் தேடலை 1981-க்கும் 1988-க்கும் நடுவில் அடைத்துக்கொள்வது. அதற்குப் பிறகு வந்தவற்றில் உங்கள் எக்ஸ்டிக்குப் பொருந்துவது சொற்பம்.

வருடத்தைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று இருக்கிறது: அந்த விளையாட்டு இந்தக் கணினிக்கென்றே எழுதப்பட்டதா, வேறு எந்திரத்திலிருந்து அவசரமாக இறக்கப்பட்டதா? உங்களுக்குப் பார்க்கச் சகிக்காமல் போனவை அநேகமாக இரண்டாம் ரகம். ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்டில் வந்தபோது அது ஆபீஸ் மேசைக்கான எந்திரம். 1982-இல் வந்த காமடோர் 64-இல் திரையில் உருவங்களை நகர்த்தவும் இசைக்கவும் தனித்தனிச் சிப்புகள் இருந்தன. பிசியில் அதெல்லாம் கிடையாது. திரையில் ஒவ்வொரு புள்ளியையும் 8088-தான் கையால் இழைக்க வேண்டும். சிஜிஏ கார்டில் இருப்பது 16 கேபி நினைவகம், அதில் 320-க்கு 200 புள்ளிகள், ஒரே நேரத்தில் நான்கு நிறம். கறுப்பு, வெளிர்நீலம், கத்தரிப்பூ நிறம், வெள்ளை என்பது ஒரு தொகுப்பு. கறுப்பு, பச்சை, சிவப்பு, மஞ்சள் என்பது இன்னொன்று. ஸ்பீக்கர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் எழுப்பும். காசு போட்டு ஆடும் ஆர்கேடு எந்திரத்தில் பளபளவென்று ஓடியதை இதில் அடைத்தால் நீங்கள் பார்த்த கோலம்தான் வரும்.

ஆனால் அதே பிசியில் ஒரு வரிக்கு 80 எழுத்து, அதுவும் 16 நிறத்தில், கூர்மையாகத் தெரியும். நினைவகம் அக்கால வீட்டுக் கணினிகளைவிடத் தாராளம். ஃபிளாப்பி டிரைவ் உண்டு, நல்ல கீபோர்டு உண்டு. இந்தப் பலங்களை அறிந்து எழுதியவர்களின் விளையாட்டுகள் இன்றைக்கும் உட்கார வைக்கும். நான் சொல்லப்போகிறவை பெரும்பாலும் அந்த ரகம்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டிக்கர். கனடாவின் விண்ட்மில் சாஃப்ட்வேர் 1983-இல் வெளியிட்டது. எண்பதுகளின் கடைசியில் கோடை விடுமுறைக்குத் திருச்சி மாமா வீட்டுக்குப் போனால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸைத் திறந்து எக்ஸ்டி முன்னால் உட்கார வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அங்கே இருந்தது ஹெர்குலிஸ் கார்டு, ஆரஞ்சு எழுத்துத் திரை. சிம்சிஜிஏ என்ற சிறிய நிரலை முதலில் ஓட்டினால்தான் கிராபிக்ஸ் விளையாட்டு தெரியும். மரகதமும் ஆரஞ்சு, தங்க மூட்டையும் ஆரஞ்சு, துரத்தும் பூதமும் ஆரஞ்சு. அது பச்சையும் சிவப்பும் மஞ்சளுமான விளையாட்டு என்பது பல வருடம் கழித்து ஒரு சிஜிஏ மானிட்டரில் பார்த்தபோதுதான் தெரிந்தது. உங்களுக்கு அந்தப் பாக்கியம் முதல் நாளே வாய்த்திருக்கிறது.

மண்ணைக் குடைந்துகொண்டே போய் மரகதங்களைப் பொறுக்க வேண்டும். பூதங்கள் நீங்கள் குடைந்த பாதை வழியாகவே வரும். கொஞ்ச நேரம் விட்டால் அவையே மண்ணைத் தோண்டும் வகையாக மாறிவிடும். தங்க மூட்டையின் அடியில் குடைந்தால் அது ஆடி ஆடி விழும், கீழே பூதம் இருந்தால் நசுங்கும், நீங்கள் இருந்தால் நீங்கள். எஃப்1-ஐ அழுத்தினால் சுடலாம், ஆனால் ஒருமுறை சுட்டால் மறுபடி சுட நேரமாகும். இதில் நான் இன்றும் வியப்பது ஒலி. மரகதங்களை இடைவெளி விடாமல் தொடர்ந்து எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம் ஏறும்: ச, ரி, க, ம, ப, த, நி, ச. மேற்கத்திய மேஜர் ஸ்கேல்தான், நம் காதுக்குச் சங்கராபரண ஆரோகணம். எட்டாவதாக மேல் ச-வைத் தொட்டுவிட்டால் 250 புள்ளி கூடுதல். நடுவில் தயங்கினால் மறுபடி கீழ் ச. ஒரே ஒரு சுரம் எழுப்பத் தெரிந்த ஸ்பீக்கரை வைத்து, 'இன்னும் ஒன்று எடு, இன்னும் ஒன்று' என்று கையை இழுக்கும்படி செய்திருக்கிறார்கள். புள்ளியைவிட அந்த மேல் ச-வுக்காகவே நான் பலமுறை மூட்டைக்கு அடியில் மாட்டியிருக்கிறேன்.

பாராட்ரூப்பர் (1982) இன்னும் எளிமை. திரையின் கீழே நடுவில் ஒரு பீரங்கி. மேலே ஹெலிகாப்டர்கள் போகும், ஆட்கள் பாராசூட்டில் குதிப்பார்கள். ஒரே பக்கத்தில் நான்கு பேர் இறங்கிவிட்டால் ஒருவர்மேல் ஒருவர் ஏறி வந்து பீரங்கியைத் தகர்த்துவிடுவார்கள். சுட்டுத் தள்ளினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி குறையும். அந்த ஒரு விதியால் கண்மூடித்தனமாகச் சுடும் விளையாட்டு, காத்திருந்து குறிபார்க்கும் விளையாட்டாகிவிடுகிறது. இதை எழுதிய கிரெக் குப்பர்பெர்க் பிற்காலத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

சாப்வித் (1984) முதல் உலகப்போர்க் கால விமானத்தை ஓட்டும் விளையாட்டு. கனடாவில் டேவிட் கிளார்க் தம் நிறுவனத்தின், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் தொழில்நுட்பத்தைக் காட்டுவதற்காக எழுதியது. விசைகள் முதலில் வினோதமாக இருக்கும்: கமா மேலே தூக்கும், முற்றுப்புள்ளி விமானத்தைத் தலைகீழாகத் திருப்பும், எக்ஸ் வேகம் கூட்டும், பி குண்டு போடும், ஸ்பேஸ் பார் சுடும். பத்து நிமிடம் விழுந்து விழுந்து எழுந்தால் விரல் பழகிவிடும். வேகம் குறைந்தபோது மூக்கை மேலே தூக்கினால் விமானம் அப்படியே தொப்பென்று விழும். நான்கு நிறத்தில், பக்கவாட்டில் நகரும் ஒரு சின்ன விமானத்துக்கு இந்த இயற்பியல் இருப்பதுதான் அழகு. இதன் மூலநிரலை அவரே 2000-இல் வெளியிட்டுவிட்டார், எந்தத் தயக்கமும் இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

லோடு ரன்னர் (1983) ஆப்பிள் 2-இல் பிறந்ததுதான், ஆனால் அது பண்பில் புதிர் விளையாட்டு, படம் சுமாராக இருந்தாலும் ஒன்றும் குறையாது. ஏணி, கயிறு, செங்கல் தரை. துரத்துகிறவர்களுக்கு முன்னால் தரையில் குழி தோண்டிவிட்டு அவர்கள் தலைமேல் நடந்து போக வேண்டும். குழி சிறிது நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். 150 கட்டங்கள். அதோடு சொந்தமாகக் கட்டங்களை வரையும் வசதியும் உண்டு. உங்கள் மகள் ஒரு கட்டத்தை வரைந்து அதில் உங்களை மாட்டிவிடலாம். என் அனுபவத்தில் குழந்தைகள் ஆடுவதைவிட அதில்தான் அதிக நேரம் செலவழிப்பார்கள்.

கராத்தேகா என்ற கராத்தேச் சண்டை விளையாட்டு பிசிக்கு 1986-இல் வந்தது. மொத்தமே அரைமணி நேரம்தான், ஒரே உயிர். கடைசிவரை போய்விட்டால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இளவரசியின் அறைக்குள் சண்டைக் கோலத்தில் நுழையாதீர்கள். அதை எழுதிய ஜோர்டான் மெக்னரின் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா பிசிக்கு 1990-இல் வந்தது. சிஜிஏ-விலும் ஓடும், ஆனால் அதற்கு டர்போவைப் போட்டுக்கொள்ளுங்கள். டேவ் என்று நம் பள்ளிக் கணினி அறைகளில் ஆடிய டேஞ்சரஸ் டேவும் 1990 பிசி பதிப்புதான். தொடக்கத்தில் சிஜிஏ-வைத் தேர்ந்தெடுத்தால் உங்களுடையதில் கிடைக்கும். பழைய ஞாபகத்துக்காக வைத்துக்கொள்ளலாம், அந்த விளையாட்டின் நிறங்கள் விஜிஏ-வில்தான் சரியாக இருக்கும்.

சரி, எழுத்துத் திரைக்கு வருவோம். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் நிறைய. எக்ஸ்டியின் உண்மையான சொத்து இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் இதில் அந்தக் கணினி எதற்கும் திணறுவதில்லை. திரையில் எழுத்துகளை மட்டும் வைத்து எழுதிய விளையாட்டுகள் அன்று போலவே இன்றும் சட்டென்று நகரும்.

ரோக் பிசிக்கு 1984-இல் வந்தது, மூலம் 1980-இல் யூனிக்ஸ் எந்திரங்களில் எழுதப்பட்டது. சுரங்கத்தின் சுவர்கள் கோடுகள், அரக்கர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், நீங்கள் ஒரு சிரித்த முகம். ஒவ்வொரு முறையும் சுரங்கம் புதிதாக உருவாகும், செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும். கையில் கிடைக்கும் மருந்துக் குப்பி என்ன செய்யும் என்று தெரியாது, குடித்துத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் நகர்ந்தால்தான் அரக்கனும் நகர்வான் என்பதால் காபி எடுத்துவர எழுந்து போகலாம், யோசிக்கலாம். 26-ஆம் தளத்தில் இருக்கும் தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். நான் இதுவரை அதை எடுத்ததில்லை, இருந்தும் வருடத்தில் சில இரவுகள் இதற்கென்றே போகின்றன.

க்ரோஸ் (1987) வரிசையும் எழுத்துத் திரைதான். ஸ்காட் மில்லர் எழுதியது, சாட்டையைச் சுழற்றிக்கொண்டு அறை அறையாகப் போவது. பெயரைத் திருப்பிப் படித்தால் ஸோர்க் என்று வரும். உரிமையாளர்கள் 2009-இல் இதை இலவசமாக்கிவிட்டார்கள். வண்ண எழுத்துகள் குவிந்த அந்தத் திரை சிஜிஏ-வில் அழகாக இருக்கும். நான்கு நிறக் கிராபிக்ஸைவிட 16 நிற எழுத்து எவ்வளவு கண்ணுக்குக் குளிர்ச்சி என்று அதில் தெரியும்.

அந்த ஸோர்க்கும் இன்ஃபோகாமின் மற்ற கதை விளையாட்டுகளும் படிக்கும் ஆர்வம் உள்ளவர்களுக்கு. ஒரு வெள்ளை வீட்டின் மேற்கே நிற்கிறீர்கள், தபால்பெட்டி ஒன்று இருக்கிறது, அதைத் திற என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்கிறீர்கள். எளிய ஆங்கில வாக்கியங்கள் போதும். ஒரு ரூல்டு நோட்டும் பென்சிலும் பக்கத்தில் வையுங்கள், போகிற இடமெல்லாம் கட்டம் போட்டு வரைபடம் வரைந்துகொண்டே போக வேண்டும். வரைபடம் இல்லாமல் ஆடினால் காட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். அப்பா தட்டச்சு, மகள் வரைபடம் என்று பிரித்துக்கொண்டால் ஒரு மழைக்காலமே போகும்.

நீளமாக ஆட ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் ஸ்டார்ஃபிளைட் (1986). இரண்டு 360 கேபி ஃபிளாப்பி, அதற்குள் 270 நட்சத்திர மண்டலங்கள், 800 கிரகங்கள். கப்பலுக்கு ஆள் சேர்த்து, கிரகங்களில் இறங்கித் தாது தோண்டி, விற்று, எஞ்சினை மேம்படுத்தி, வழியில் சந்திக்கும் வேற்று இனத்தாரிடம் பேச்சுக் கொடுத்து, விண்மீன்கள் ஏன் ஒவ்வொன்றாக வெடிக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பகுதி ஃபோர்த் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. இதில் மட்டும் ஒரு எச்சரிக்கை: ஆட ஆட அது ஃபிளாப்பியிலேயே எழுதிக்கொண்டு போகும். முறையாகச் சேமித்து வெளியே வராமல் கணினியை அணைத்தால் அந்த ஆட்டம் பாழாகும். அதனால் மூல ஃபிளாப்பிகளை எடுத்து வைத்துவிட்டு நகலில் மட்டும் ஆடுங்கள். கையேடும் நட்சத்திர வரைபடமும் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கும், அவை இல்லாமல் தொடங்காதீர்கள். கப்பல் புறப்படும்போது கேட்கும் குறியீட்டைத் தவறாகச் சொன்னால் விண்வெளிப் போலீஸ் வந்து சுடும்.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் முதல் பதிப்பு 1982. குளோன் விற்ற காலத்தில், இது உண்மையிலேயே ஐபிஎம் போல நடந்துகொள்கிறதா என்று சோதிக்க லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் நிரலையும் இதையும்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். உங்கள் குளோனையும் அதே சோதனைக்கு உட்படுத்தலாம். சிகாகோவின் ஏரிக்கரை ஓடுதளத்தில் விமானம் நிற்கும். படம் வெட்டி வெட்டித்தான் நகரும். எனக்கு அது பிடிக்கும், நிதானமாக ஆடும் எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன்.

அப்புறம், இந்தக் கணினிக்குப் புதிதாகவும் எழுதுகிறார்கள். பாக்கு பாக்கு என்ற பாக்மேன் வகை விளையாட்டு 2011-இல் வந்தது. எழுத்துத் திரையை ஏமாற்றி 160-க்கு 100 புள்ளிகளில் 16 நிறம் காட்டும் தந்திரத்தைப் பயன்படுத்துகிறது, 8088-இல் பிசிறில்லாமல் ஓடுகிறது. அதே தந்திரத்தை 1986-லேயே ரவுண்டு 42 செய்துகாட்டியிருந்தது, அதையும் ஏற்றுங்கள். பிளானட் எக்ஸ்3 (2019) படை திரட்டிக் கட்டடம் கட்டும் உத்தி விளையாட்டு, காசு கொடுத்து வாங்க வேண்டும், கொடுக்கலாம். விளையாட்டு இல்லை என்றாலும் 8088 எம்பிஎச் என்ற செயல்விளக்க நிரலை ஒருமுறை யூடியூபிலாவது பாருங்கள். 2015-இல் வந்தது, இதே சிஜிஏ கார்டிலிருந்து 1024 நிறம் எடுத்துக்காட்டுகிறது. அது அசல் ஐபிஎம்மின் நேரக்கணக்கை நம்பி எழுதியது, குளோனில் சரியாக ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த நிற வித்தையின் ஒரு பகுதி உங்களுக்கும் பொருந்தும். சிஜிஏ கார்டின் பின்னால் மானிட்டர் இணைப்பைத் தவிர வட்டமான ஒரு துளை இருந்தால் அது டிவிக்கானது. அக்காலத்துச் சில விளையாட்டுகள் டிவியில் ஆடுவதற்கென்றே எழுதப்பட்டவை. மானிட்டரில் வெறும் கறுப்பு வெள்ளைக் கோடுகளாகத் தெரிவது டிவியில் கலந்து 16 நிறமாகிவிடும். ஆனால் அது அமெரிக்காவின் என்டிஎஸ்சி என்ற டிவி முறைக்கு மட்டும். நம் ஊரின் பிஏஎல் (PAL) முறை டிவியில் அந்த நிறம் வராது. என்டிஎஸ்சியும் எடுத்துக்கொள்ளும் டிவி வீட்டில் இருந்தால் முயன்று பாருங்கள். ஏதாவது ஒரு விளையாட்டு காரணமில்லாமல் வரிவரியாகத் தெரிந்தால் அதைக் குப்பை என்று ஒதுக்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஏற்றும் வேலை. இதில் நான் ஒரு மாதம் வீணடித்தேன், நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம். வீட்டில் இருந்த 486-இன் 1.2 எம்பி டிரைவில் 360 கேபி ஃபிளாப்பிகளை எழுதி எக்ஸ்டியில் போட்டேன். ஒன்று படிக்கும், அடுத்தது படிக்காது, படித்ததும் மறுநாள் படிக்காது. டிரைவ் கெட்டுவிட்டது என்று கழற்றிச் சுத்தம் செய்து, வேறு டிரைவ் வாங்கி, அதிலும் அதே கதை. காரணம் எளியது. 1.2 எம்பி டிரைவ் ஒரு பக்கத்தில் 80 தடம் எழுதுவது, அதன் தலை குறுகலானது. 360 கேபி டிரைவுக்கு 40 தடம், தலை அகலம். குறுகிய தலை பழைய அகலத் தடத்தின் நடுவில் மட்டும் புதிதாக எழுதும், ஓரங்களில் பழையது மிச்சமிருக்கும். அகலத் தலை இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். 360-ஐ 360 டிரைவில் மட்டும் எழுதுங்கள். யூஎஸ்பியில் செருகும் ஃபிளாப்பி டிரைவ்களும் உதவாது, அவை மூன்றரை அங்குலத்துக்கு மட்டும்.

இதிலிருந்து விடுபட இரண்டு வழி. ஒன்று, எக்ஸ்டி-ஐடிஈ என்ற கார்டு. எட்டு பிட் ஸ்லாட்டில் செருகி அதில் ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை வைத்தால் அதுவே ஹார்டுடிஸ்க். போய்விட்ட உங்கள் டிஸ்க்கின் இடத்தில் இது சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும், இந்தக் காலக் கணினியில் கார்டு ரீடர் வைத்துக் கோப்புகளை நேராகப் போடலாம். அசல் ஐபிஎம் பிசி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், அதன் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்நிரல்) 1982 அக்டோபர் 27-ஆம் தேதியிட்டதா என்று பாருங்கள். அதற்கு முந்தையது இந்தக் கார்டைக் கண்டுகொள்ளாது. எக்ஸ்டிக்கு இந்தக் கவலை இல்லை.

இரண்டாவது கோடெக் (Gotek) என்ற ஃபிளாப்பி எமுலேட்டர், ஃபிளாப்பி டிரைவ் போல நடிக்கும் கருவி. இது ஏன் வேண்டும் என்றால், 1981-லிருந்து 1985 வரை வந்த நல்ல விளையாட்டுகள் பலவும் டாஸ் இல்லாமல் ஃபிளாப்பியிலிருந்தே நேராகத் தொடங்குபவை. ஃபிளைட் சிமுலேட்டரின் முதல் இரண்டு பதிப்புகளும் டிக்கரின் அசல் பதிப்பும் அப்படித்தான். அவற்றை ஹார்டுடிஸ்க்கில் நகலெடுக்க முடியாது, முழு ஃபிளாப்பியின் பிம்பமாகத்தான் கிடைக்கும். அந்தப் பிம்பத்தை யூஎஸ்பி குச்சியில் போட்டுக் கோடெக்கில் செருகினால் கணினி அதை ஃபிளாப்பி என்றே நம்பும். சிலவற்றை ஆர்வலர்கள் டாஸில் ஓடும்படி மாற்றியும் வைத்திருக்கிறார்கள். எதை ஏற்றுவதானாலும் முன்னதாக இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் தேடுங்கள். 2015 முதல் அங்கே ஆயிரக்கணக்கான டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஆடிப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்தில் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும், ஒரு மாலை மிச்சம். பழைய விளையாட்டு என்பதால் உரிமை காலாவதி ஆகிவிடவில்லை, பலவற்றுக்கு உரிமையாளர் இன்றும் இருக்கிறார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள். சாப்வித், க்ரோஸ் போல உரியவரே திறந்துவிட்டவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

பரணில் அப்பாவின் பழைய ஃபிளாப்பிகளும் இருந்திருக்கும். அவசரப்பட்டு டிரைவில் போடாதீர்கள். உறையின் நீள்வட்டச் சாளரம் வழியே, வட்டைக் கையால் சுற்றிக்கொண்டே வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் புள்ளி, மேகம் போன்ற படலம் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் அது சகஜம். ஒரே ஒரு பூஞ்சை வட்டு டிரைவின் தலையை அழுக்காக்கி, பின்னால் வரும் நல்ல வட்டுகளையும் கீறிவிடும்.

விசைகள் வேலை செய்யவில்லை என்று தோன்றினால் 'நம் லாக்' (Num Lock) விசையைப் பாருங்கள். 83 விசைக் கீபோர்டில் அம்பு விசைகள் தனியாக இல்லை, எண் விசைகளின் மேலேயே இருக்கின்றன. 'நம் லாக்' போட்டிருந்தால் டிக்கர் அசையாமல் நிற்கும். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவைத் தவிர எதையும் டர்போவை அணைத்துவிட்டே தொடங்குங்கள். அக்காலத்தில் பலர் 4.77-ஐ மட்டுமே மனத்தில் வைத்து எழுதினார்கள், 10-இல் பூதங்கள் பறக்கும். ஸ்பீக்கரின் ஒலியைக் குறைக்கக் குமிழ் எதுவும் இருக்காது, ராத்திரி ஆடுவதானால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

மகளுக்கு இரண்டு. முதலாவது, டாங்கி (கழுதை) என்ற, பேசிக் நிரல்மொழியில் உள்ள நிரல். 1981-இல் ஐபிஎம் பிசியுடனேயே வந்தது, பில் கேட்ஸும் நீல் கான்சனும் எழுதியது. சாலையில் கார் போகும், எதிரே கழுதை வரும், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கார் பக்கம் மாறும், அவ்வளவுதான். விளையாட்டாக அரைமணி நேரம் தாங்காது. ஆனால் நிரல் முழுவதும் கண்முன்னே படிக்கக் கிடைக்கும். ஒரு எண்ணை மாற்றினால் என்ன ஆகிறது என்று அவளே பார்க்கலாம். ஐபிஎம்மின் பேசிக் அதன் சொந்த ரோம் சிப்புகளை எதிர்பார்க்கும், குளோனில் ஓடாது. ஜிடபிள்யூ பேசிக்கில் திறங்கள்.

இரண்டாவது அலி கேட் (சந்துப் பூனை), பில் வில்லியம்ஸ் செய்த பிசி பதிப்பு, 1984. இந்தக் கணினிக்கு ஒரே ஒரு விளையாட்டுதான் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். சந்தில் ஒரு கறுப்புப் பூனை. குப்பைத்தொட்டி மேல் ஏறி, வேலிக்குத் தாவி, துணிக்கொடியில் தொற்றிக்கொண்டு, சன்னல் எப்போது திறக்கும் என்று காத்திருக்க வேண்டும். திறந்த சன்னலிலிருந்து பொருள்களை விட்டெறிவார்கள். உள்ளே குதித்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தனி ஆட்டம்: ஒன்றில் மீன்தொட்டிக்குள் முழுகி மின்விலாங்கில் படாமல் மீன் தின்ன வேண்டும், ஒன்றில் தூங்கும் நாய்கள் விழிக்காமல் அவற்றின் கிண்ணத்தைக் காலி செய்ய வேண்டும், ஒன்றில் ஓட்டை ஓட்டையான பாலாடைக்கட்டிக்குள் எலி பிடிக்க வேண்டும். கணினியின் கடிகாரத்தைப் பார்த்து ஓடும்படி எழுதியிருப்பதால் டர்போவில் இருந்தாலும் வேகம் மாறாது. சிஜிஏ-வின் நான்கு நிறத்தில் அந்தப் பூனையின் நடையும் வாலும் எப்படி இவ்வளவு உயிரோடு வந்தன என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வீடுகளுக்குள் ஒரு துடைப்பம் தானாக நடமாடும், பூனையைக் கண்டால் விரட்டி விரட்டித் தள்ளும். முதல் நாள் அது பெரிய தொல்லையாக இருக்கும். பூனையைத் தரையில் அங்குமிங்கும் ஓடவிட்டால் அழுக்குக் காலடித் தடம் பதியும். துடைப்பம் விரட்டுவதை விட்டுவிட்டு அதைக் கூட்டப் போய்விடும். இதை மகளிடம் சொல்லாதீர்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, மூன்றாவது நாள் தற்செயலாகத் தெரிந்தபோது மாமாவின் ஆபீஸில் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன்.